மூளைக் கட்டி: அறுவைக்கு முன் எடுக்கும் பெட் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் கட்டி இருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்த பிறகு, அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், "ஒரு பெட் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். ஊசியில் செலுத்தும் கதிரியக்கப் பொருளைக் கட்டி எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் அது. அந்தப் பேச்சைக் கேட்டதும் குடும்பத்தாருக்கு எழும் கேள்விகள் இவை. மூளை நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் கிளியல் செல்களின் வகையைச் சேர்ந்த கிளியோமா கட்டிகளையே பெரும்பாலும் மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றக் கட்டிகளைப் பற்றிய கேள்வி பின்னால் தனியாக வரும்.

எம்ஆர்ஐயில்தான் எல்லாம் தெரிகிறதே, பெட் எதற்கு?

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, பேச்சுக்கும் கை கால் அசைவுக்கும் உரிய இடங்களுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, சுற்றி எவ்வளவு வீக்கம் என்பதையெல்லாம் காட்டுவதில் எம்ஆர்ஐக்கு நிகர் எதுவும் இல்லை. கட்டியின் வீரியத்தைக் கணிப்பதில்தான் அது தடுமாறும்.

வழக்கமான எம்ஆர்ஐயில் வீரியத்தின் அடையாளமாகப் பார்ப்பது, கடோலினியம் ஊசி போட்ட பிறகு கட்டி வெளிச்சமாகத் தெரிகிறதா என்பதை. அந்த வெளிச்சம் உண்மையில் சொல்வது, ரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் நுழையாமல் காக்கும் தடுப்பு அந்த இடத்தில் பழுதாகிவிட்டது என்பதைத்தான். தடுப்பு பழுதாகாமலே வீரியத்தோடு வளரும் கட்டிகள் இருக்கின்றன. கான்ட்ராஸ்ட் ஏற்காத, அதாவது அந்த ஊசிக்குப் பிறகும் வெளிச்சமாகாத கிளியோமாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, திசுவை எடுத்துப் பார்க்கும்போது உயர் கிரேடாக இருக்கிறது. ஏமாற்றம் எதிர்ப்பக்கமும் உண்டு. குழந்தைகளுக்கு அதிகம் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா கான்ட்ராஸ்ட்டில் பளிச்சென்று தெரியும். ஆனால் அது கிரேடு 1 கட்டி.

பெட் பார்ப்பது வேறொன்றை. கட்டியின் செல்கள் எந்தச் சத்தை, எந்த அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பது அதன் கணக்கு. எம்ஆர்ஐயிலேயே ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃபியூஷன், வேதிப்பொருட்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி ஆகிய முறைகளும் உண்டு. பல இடங்களில் அவற்றை முதலில் செய்துவிட்டு, ஐயம் தீராதபோதுதான் பெட்டுக்கு அனுப்புவார்கள். அது சரியான வரிசைதான்.

வீரியம், கிரேடு என்றெல்லாம் சொல்கிறார்களே, அது எப்படி முடிவாகிறது?

உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. மெதுவாக வளர்வது 1, மிக வேகமாக வளர்ந்து பரவுவது 4. முன்பெல்லாம் நுண்ணோக்கியில் செல்களின் தோற்றம், அவை பிரியும் வேகம், அழுகல், புதிய ரத்தக் குழாய்கள் ஆகியவற்றை வைத்தே முடிவு செய்தார்கள். 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மரபணுச் சோதனைக்கும் அதே அளவு அதிகாரம் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும் கிளியோமாவில் முதலில் பார்ப்பது ஐடிஎச் மரபணுவில் மாற்றம் உண்டா என்பதை. மாற்றம் இருந்து, 1பி/19கியூ குரோமோசோம் துண்டுகள் இரண்டும் இழந்திருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா. மாற்றம் இருந்தும் அந்த இழப்பு இல்லையென்றால் ஆஸ்ட்ரோசைட்டோமா. ஐடிஎச் மாற்றம் இல்லாத கட்டியில் குறிப்பிட்ட சில மரபணு அடையாளங்கள் தெரிந்தால், நுண்ணோக்கியில் அது சாதுவாகத் தோன்றினாலும் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்றே எழுதுவார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரேடு என்பது திசுவையும் மரபணுவையும் பார்த்துத் தரும் தீர்ப்பு. எந்த ஸ்கேனும் அந்தத் தீர்ப்பை எழுதாது. "பெட்டில் கிரேடு 4 என்று வந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், ரிப்போர்ட்டை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். "உயர் கிரேடாக இருக்க வாய்ப்பு" என்றுதான் அதில் இருக்கும்.

ஊசியில் என்ன போடுகிறார்கள்?

உடலுக்குப் பழக்கமான ஒரு சத்துப் பொருளோடு, அல்லது அதைப்போலவே இருக்கும் ஒன்றோடு, சிறிது நேரமே உயிர்வாழும் கதிரியக்க அணு ஒன்றை இணைத்திருப்பார்கள். அந்த அணு பாசிட்ரானை வெளியிடும். பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். தலையைச் சுற்றியிருக்கும் வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, எந்த இடத்திலிருந்து வந்தன என்று கணக்கிடும். கேட்பதற்குத்தான் பயமாக இருக்கும். நோயாளிக்கு அது கையில் ஒரு சாதாரண ஊசி, பிறகு அசையாமல் படுத்திருப்பது, அவ்வளவுதான்.

புற்றுநோய்க்கு எல்லோரும் எடுக்கும் சாதாரண பெட் போதாதா?

நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பெட், பத்தில் ஒன்பது முறை எஃப்டிஜி பெட்தான். எஃப்டிஜி என்பது ஃபுளோரின்-18 இணைத்த குளுக்கோஸ் போன்ற பொருள். வேகமாக வளரும் கட்டி குளுக்கோஸை அதிகம் இழுக்கும் என்பது அடிப்படை. அமெரிக்காவில் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜியோவானி டி கீரோவும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் இதை மூளைக் கட்டிகளில் காட்டினார்கள்: உயர் கிரேடு கிளியோமாக்கள் அதிகம் இழுத்தன, தாழ்ந்த கிரேடுகள் குறைவாக இழுத்தன. கட்டிகளைப் பார்க்க எஃப்டிஜியைப் பயன்படுத்தியதே இப்படி மூளையில்தான் தொடங்கியது. நுரையீரலும் நிணநீர்க் கட்டிகளும் பின்னால் வந்தவை.

ஆனால் மூளையில் எஃப்டிஜிக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஓய்விலிருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதாவது நோயில்லாத மூளையே ஸ்கேனில் வெளிச்சமாக இருக்கும். மூளையின் மேலடுக்கான சாம்பல் பகுதிக்கு அருகில் ஒரு கட்டி இருந்தால், எது கட்டி, எது நல்ல மூளை என்று பிரிப்பதே கடினம். 1995-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி சொன்னது: கட்டி இழுக்கும் அளவு, மூளையின் வெள்ளைப் பகுதியைப்போல் 1.5 மடங்குக்கு மேலோ, சாம்பல் பகுதியின் அளவில் 0.6 பங்குக்கு மேலோ இருந்தால் உயர் கிரேடு என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். உயர் கிரேடு கட்டிகூடப் பக்கத்திலுள்ள நல்ல மூளையைவிட மங்கலாகத் தெரியலாம் என்பதுதான் அதன் பொருள். ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்தால் வேறுபாடு கொஞ்சம் கூடும். நல்ல மூளை எஃப்டிஜியைக் கட்டியைவிட வேகமாக வெளியே விட்டுவிடும்.

எஃப்டிஜியை ஒதுக்கிவிட முடியாத இடமும் உண்டு. மூளையில் வரும் நிணநீர்ப் புற்றான லிம்போமா அதில் நெருப்புபோல் எரியும். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் பெரிய அறுவையைக் கைவிட்டு, சின்னத் துளை வழியே பயாப்ஸி எடுத்து மருந்து சிகிச்சைக்குப் போவார்கள் என்பதால், அறுவைக்கு முன் இது தெரிவது சிறிய விஷயமில்லை.

அமினோ அமில பெட் என்கிறார்களே, அது என்ன?

கிளியோமாவைப் பொறுத்தவரை இன்று பேசவேண்டிய பெட் இதுதான். கட்டி செல்கள் புரதம் கட்ட அமினோ அமிலங்களை நிறைய உள்ளே இழுக்கும். அதற்கான கடத்திகள், முக்கியமாக எல்ஏடி1 என்பது, கிளியோமாக்களில் கூடுதலாக இருக்கும். நல்ல மூளை இவற்றைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் பின்புலம் இருட்டாகவும் கட்டி வெளிச்சமாகவும் வரும். இந்தக் கடத்திகள் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருப்பதால், தடுப்பு பழுதாகாத இடத்திலும் மருந்து உள்ளே போய்விடும். எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் ஏற்காத கட்டியின் உண்மையான விரிவு இதில் தெரிவது அதனால்தான்.

மூன்று மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. மெத்தியோனின்தான் மூத்தது. அதில் இணைப்பது கார்பன்-11. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 20 நிமிடம் மட்டுமே. கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி அதே வளாகத்தில் இல்லாத மருத்துவமனை அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. எஃப்இடி என்பது டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு ஃபுளோரின்-18 சேர்த்தது. அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம் என்பதால் ஓரிடத்தில் செய்து இன்னோர் ஊருக்கு வண்டியில் அனுப்பலாம். ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வு மையமும் மியூனிக்கும் இதை வளர்த்தெடுத்த இடங்கள். மூன்றாவது எஃப்டோபா. பார்கின்சன் நோய்க்காக வந்தது, கிளியோமாவுக்கும் உதவுகிறது. மூளையின் நடுவிலுள்ள ஸ்ட்ரையேட்டம் இயல்பாகவே அதை இழுக்கும். அதனருகில் கட்டி இருந்தால் படத்தைப் படிப்பவர் கொஞ்சம் திணறுவார்.

நரம்புப் புற்றுநோய் மருத்துவத்துக்கான பன்னாட்டு ரானோ குழு 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், கிளியோமாவுக்கு எஃப்டிஜியைவிட அமினோ அமில பெட்டுக்கே முன்னுரிமை தந்தது. ஐரோப்பாவில் வாய்ப்புள்ள மையங்களில் இது அன்றாட வழக்கமாகிவிட்டது.

படுக்கவைத்து 40 நிமிடம் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார்கள். ஏன் இவ்வளவு நேரம்?

எஃப்இடி பெட்டில் எவ்வளவு ஏறியது என்பதோடு, எப்படி ஏறி எப்படி இறங்கியது என்பதும் செய்திதான். ஊசி போட்ட நொடியிலிருந்து தொடர்ந்து படம் எடுத்து, நேரத்துக்கு எதிராக ஒரு வளைகோடு வரைவார்கள். தாழ்ந்த கிரேடு ஆஸ்ட்ரோசைட்டோமாக்களில் கோடு மெல்ல மெல்லக் கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். உயர் கிரேடில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். ஐடிஎச் மாற்றம் இல்லாத, மோசமாக நடந்துகொள்ளும் கட்டிகளில் இந்த முன்கூட்டிய உச்சி அதிகம் காணப்படுகிறது. அசையாப் படத்தில் சாதுவாகத் தோன்றும் கட்டி, இந்தக் கோட்டில் தன் குணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மெத்தியோனினில் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. எனவே எஃப்இடி எடுப்பதாக இருந்தால், 20 முதல் 40 நிமிடம் வரையிலான ஒரே படத்தோடு நிறுத்தாமல் முழு வளைகோட்டையும் எடுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் டிபிஆர் 3.2 என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

டிபிஆர் என்பது கட்டி இழுத்த அளவை, எதிர்ப்பக்க நல்ல மூளை இழுத்த அளவால் வகுத்தது. 3.2 என்றால் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். எஃப்இடியில் 1.6-க்கு மேல் இருக்கும் பகுதியைக் கட்டியின் எல்லையாக வரைவது வழக்கம். எண் கூடக்கூட உயர் கிரேடு என்ற சந்தேகமும் கூடும்.

ஆனால் இந்த எண்ணை ரத்தச் சர்க்கரை அளவைப்போல் படிக்கக் கூடாது. ஒலிகோடென்ட்ரோகிளியோமா கிரேடு 2 ஆக இருந்தாலும், அதன் அடர்ந்த நுண்குழாய்களாலும் செல் அடர்த்தியாலும் அமினோ அமிலத்தை அள்ளி இழுக்கும். 3-க்கு மேல் வருவதும் நடப்பதே. கிளியோமாக்களில் ஒப்பீட்டளவில் நீண்ட வாழ்வு தரும் வகைகளில் ஒன்று அது. மறுபுறம், 1.8 என்று வந்த ஆஸ்ட்ரோசைட்டோமாவின் வளைகோடு முன்கூட்டியே உச்சியைத் தொட்டிருந்தால், குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைய முடியாது. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடுவதும் தவறு. எஃப்இடியில் 2.5 என்பதற்கும் எஃப்டிஜியில் 2.5 என்பதற்கும் எந்த உறவும் இல்லை. இணையத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடி, கிடைத்ததைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் பெட்டால் என்ன லாபம்? பயாப்ஸி எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள்?

எடுக்கத்தான் போகிறார்கள். எங்கே எடுப்பது என்பதில்தான் பெட்டின் முழு மதிப்பும் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளியோமாவுக்குப் பொருந்தாது. ஒரே கட்டிக்குள் ஓரிடம் கிரேடு 2 ஆகவும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி கிரேடு 4 ஆகவும் இருக்கலாம். ஊசி சாதுவான பகுதியில் இறங்கிவிட்டால், "தாழ்ந்த கிரேடு" என்று ரிப்போர்ட் வரும். சிகிச்சையும் அதற்கேற்ப மென்மையாக இருக்கும். சில மாதங்களில் கட்டி தன் உண்மை முகத்தைக் காட்டும். நோயியல் மருத்துவர் தவறு செய்யவில்லை. அவருக்குக் கொடுத்த துண்டில் இருந்ததை அவர் சரியாகத்தான் சொன்னார்.

இந்தப் பிரச்சினைக்கு 1990-களில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலுள்ள எராஸ்ம் மருத்துவமனை ஒரு வழி கண்டது. தலையில் சட்டம் பொருத்திச் செய்யும் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸியின் திட்டத்துக்குள் பெட் படத்தையும் சேர்த்து, அதிகம் இழுக்கும் புள்ளியை நோக்கி ஊசியைச் செலுத்தினார்கள். முதலில் எஃப்டிஜி, பிறகு மெத்தியோனின். இன்று, அறுவையின்போது மூளைக்குள் வழிகாட்டும் நியூரோநேவிகேஷன் கணினியில் எம்ஆர்ஐ மேல் பெட்டைப் படியவைத்து, அந்தச் சூடான புள்ளியைக் குறித்துக்கொள்வது சில நிமிட வேலை.

பலன் எவ்வளவு? யூலிஷ், டுசல்டார்ஃப் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியென்று குறித்த இடங்களில் பயாப்ஸி எடுத்து ஒப்பிட்டார்கள். எம்ஆர்ஐ மட்டும் வைத்துப் பார்த்தபோது, கட்டி உள்ள இடங்களில் 96 சதவீதத்தை அது கண்டுபிடித்தது. ஆனால் கட்டி இல்லாத இடத்தைக் கட்டி இல்லை என்று சரியாகச் சொன்னது 53 சதவீதம்தான். எஃப்இடி பெட்டையும் சேர்த்தபோது அவை முறையே 93, 94 ஆயின. எம்ஆர்ஐயில் வெறும் வீக்கமும் கட்டியும் ஒரேமாதிரி வெள்ளையாகத் தெரியும் குழப்பத்தை பெட் பெரிதும் தீர்த்தது என்று பொருள்.

பெரிய அறுவையில் கட்டியை முழுதாக எடுத்தாலும் இது பயன்படும். எடுத்த திசுவில் எந்தத் துண்டு சூடான புள்ளியிலிருந்து வந்தது என்று அறுவை மருத்துவர் தனிக் குப்பியில் போட்டு எழுதி அனுப்பினால், நோயியல் ஆய்வகம் மரபணுச் சோதனைக்கு அந்தத் துண்டையே எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாத இடங்களில் பெட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண் என்பேன்.

பெட்டில் ஒன்றுமே ஒளிரவில்லை. நல்ல செய்திதானே?

பெரும்பாலும் நல்ல சாய்வுதான், ஆனால் விடுதலைப் பத்திரம் இல்லை. தாழ்ந்த கிரேடு கிளியோமாக்களில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை அமினோ அமில பெட்டில் தெரியாமலே போகும். அரிதாக உயர் கிரேடு கட்டியும் அப்படி ஒளிந்துகொள்ளும். கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் பெட்டின் கூர்மையே போதாது. நான்கைந்து மில்லிமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் மங்கல். எம்ஆர்ஐயில் வளர்கிறது என்று தெரிந்தால், பெட் இருட்டாக இருந்தாலும் மருத்துவர் திசுவைக் கேட்பார்.

கட்டி இல்லாமலே ஒளிருமா?

ஒளிரும். மூளையில் சீழ்க்கட்டி, மயலின் உறை சிதையும் நோய்கள், சில வேளை பக்கவாதம் வந்த இடம் ஆகியவையும் அமினோ அமிலத்தை இழுக்கலாம். பொதுவாகக் கட்டியளவுக்கு இருக்காது, ஆனால் எல்லைக்கோட்டில் குழப்பும். நீண்ட வலிப்புக்குப் பிறகு மூளை மேலடுக்கு மடிப்புகளின் வடிவிலேயே ஒளிர்வு வருவதுண்டு. அதனால் ஸ்கேனுக்கு முந்தைய நாட்களில் வலிப்பு வந்திருந்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். யாரும் கேட்கவில்லையென்றாலும் கொடுங்கள்.

இதைப் பார்த்து அறுவையின் திட்டம் மாறுமா?

மாறும் வாய்ப்பு உண்டு. எம்ஆர்ஐயில் அமைதியாகத் தெரிந்து, "ஆறு மாதம் பார்க்கலாம்" என்று விட்டிருந்த கட்டியில் முன்கூட்டிய உச்சி தெரிந்தால் காத்திருப்பு முடிவுக்கு வரும். கட்டியின் உயிருள்ள பகுதி கான்ட்ராஸ்ட் எல்லையைத் தாண்டி விரிந்திருந்தால், பேச்சுப் பகுதிக்கு அருகில் விழிப்புநிலை அறுவை செய்வதா, எதுவரை வெட்டுவது என்ற பேச்சு வேறுமாதிரி நடக்கும்.

ஆனால் நல்ல படம் கிடைத்தால் வாழ்நாளும் கூடிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அறுவையோடு தொடர்பில்லாத ஓர் எடுத்துக்காட்டு: திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு இரண்டாம் முறை கதிர்சிகிச்சை தரும்போது, எல்லையை எம்ஆர்ஐ வைத்து வரைவதா, எஃப்இடி வைத்து வரைவதா என்று ஜெர்மனியில் 200 நோயாளிகளிடம் கிளியா என்ற ஆய்வு நடந்தது. பெட் வைத்து வரைந்ததால் நோயாளிகளுக்கு மேலதிகப் பலன் எதுவும் கிட்டவில்லை. துறையில் இருப்பவர்கள் இந்த முடிவை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

அம்மாவுக்குக் கிளியோமா இல்லை, மெனிஞ்சியோமா என்கிறார்கள். அதற்கும் இதே ஸ்கேனா?

இல்லை. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமாவில் சோமட்டோஸ்டேட்டின் என்ற ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகள் மிகுதி. அதற்கு காலியம்-68 இணைத்த டோட்டாடேட் அல்லது டோட்டாடாக் பெட் எடுப்பார்கள். எலும்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது, முந்தைய அறுவையில் மிச்சம் இருக்கிறதா என்பதைக் காட்டுவதில் அது மிக நல்லது. வீரியத்தைப் பிரிப்பதில் அவ்வளவு நம்பக்கூடியதல்ல.

ஸ்பெக்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பெட்டுக்குப் பதிலாக அது போதுமா?

தாலியம்-201, டெக்னீசியம் இணைத்த மிபி, குளுக்கோஹெப்டோனேட் போன்ற, பாசிட்ரான் இல்லாமல் நேரே காமா கதிரை வெளியிடும் கதிரியக்க மருந்துகளை வைத்து எடுப்பது ஸ்பெக்ட். செலவு குறைவு, எந்த அணு மருத்துவத் துறையிலும் எடுக்கலாம். படத்தின் கூர்மை குறைவு. இவை பெரும்பாலும் ரத்த-மூளைத் தடுப்பு பழுதான இடத்தில்தான் சேரும் என்பதால், கான்ட்ராஸ்ட் ஏற்காத கட்டியில் பெரிதாக எதுவும் சொல்லிவிடாது. சிகிச்சைக்குப் பின் மிஞ்சியது கட்டியா, கதிர்சிகிச்சையின் புண்ணா என்று பார்ப்பதில் இதற்கு நம் நாட்டில் நல்ல பழக்கம் உண்டு.

இது இன்னும் சோதனையிலிருக்கும் புது முறையா?

அணுப் படமெடுப்பின் பிறப்பே மூளைக் கட்டி அறுவையோடு பின்னியது. 1948-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர், கதிரியக்க அயோடின் சேர்த்த சாயத்தை நோயாளிக்குச் செலுத்தி, மண்டைக்கு வெளியே கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியை வைத்துக் கட்டியின் இடத்தைத் தேடினார். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இயற்பியலாளர் கார்டன் பிரௌனலும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் 1950-களின் தொடக்கத்தில் பாசிட்ரானைப் பிடிக்கும் கருவியைக் கட்டியதும் மூளைக் கட்டிகளைக் கண்டுபிடிக்கத்தான். முதல் சிடி ஸ்கேன் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-இல். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளும் மண்டையைத் திறக்காமல் கட்டியைப் பார்க்க இருந்த சில வழிகளில் இதுவும் ஒன்று. சிடியும் எம்ஆர்ஐயும் வந்து "எங்கே" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டன. "எப்படிப்பட்டது" என்ற கேள்வியோடு அணு மருத்துவம் திரும்பி வந்திருக்கிறது.

ஸ்கேனுக்கு எப்படித் தயாராவது?

அமினோ அமில பெட் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள்; பருப்பும் முட்டையும் பாலும் ரத்தத்தில் அமினோ அமிலத்தைக் கூட்டி, மருந்தோடு போட்டியிடும். தண்ணீர் குடிக்கலாம். எஃப்டிஜி என்றால் வெறும் வயிற்றோடு சர்க்கரை அளவும் முக்கியம்; 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் மங்கிய வெளிச்சத்தில், பேசாமல், கைபேசி பார்க்காமல் படுத்திருக்கச் சொல்வார்கள். பார்த்தால் பார்வைக்குரிய மூளைப் பகுதி குளுக்கோஸை இழுக்கும், படம் கெடும்.

வலிப்பு மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது.

கதிரியக்கம் ஆபத்தில்லையா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மூளைக்கு மட்டும் எடுக்கும் எஃப்இடி அல்லது எஃப்டிஜி பெட்டில், வழக்கமான 5 மில்லிகியூரி ஊசிக்கு உடல் பெறும் அளவு 3 முதல் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவருக்கு ஆண்டுதோறும் இயல்பாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. சேர்த்து எடுக்கும் சிடிக்குக் கொஞ்சம் கூடும். ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகும். மறுநாள் காலையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. அன்று மாலைவரை குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதைத் தவிர்த்தால் போதும். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் கிடைக்குமா?

எஃப்டிஜி பெரிய நகரங்களில் எளிதாகக் கிடைக்கும். நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பை பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவப் பிரிவில் 2002-இல் இயங்கத் தொடங்கியது. பிறகு பல நகரங்களில் வந்துவிட்டன. காலியம்-68-க்குச் சைக்ளோட்ரான் தேவையில்லை, மேசைமேல் வைக்கும் ஜெனரேட்டரே போதும் என்பதால் டோட்டா வகை ஸ்கேன்களும் பரவலாக உண்டு. அமினோ அமில மருந்துகள்தான் சிக்கல். கேட்ட இடத்தில் கேட்ட நாளில் கிடைக்காது. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் தயாரிப்பார்கள். எந்த மருந்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். "பெட்தான்" என்ற பதிலோடு வைத்துவிடாதீர்கள். கிளியோமாவுக்கு எஃப்டிஜி எடுத்துவிட்டு, "தெளிவாக இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

ஸ்கேனுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை அறுவையைத் தள்ளிப்போடலாமா?

கட்டி மெதுவாக வளர்வதாகத் தோன்றி, வலிப்பு மாத்திரையில் கட்டுப்பட்டு, நோயாளி நடமாடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். முடிவு அறுவை மருத்துவருடையது. காலை எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்கல், நாளுக்கு நாள் கூடும் கை கால் தளர்ச்சி, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்பதற்கான அறிகுறிகள் அவை. அப்போது அறுவைதான் முதலில். பெட் இல்லாமலே அதைச் செய்வார்கள், செய்யவும் வேண்டும். ஸ்கேன் தேதியைப் பிறகு ரத்து செய்துகொள்ளலாம்.